"அவனுக்கு அம்மா அப்பா இல்லையாமா?": ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. யுகேஜி படிக்கிறாள். 'என் குடும்பம்' என்று சார்ட் ஒட்டி வரச் சொல்லியிருந்தார்கள். அவளோடு படிக்கும் ஒரு பையன் தாத்தா பாட்டி படத்தை மட்டும் ஒட்டி வந்திருக்கிறான். "உனக்கு அம்மா அப்பா இல்லையா?" என்று இவள் எல்லார் முன்னாலும் கேட்க, அவன் அழுதுவிட்டான். வீட்டுக்கு வந்து "அவன் பாவம்மா" என்கிறாள். எங்கள் மாடி வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு குழந்தையை வளர்க்கிறார்கள். அதைப் பற்றியும் கேள்வி வருகிறது. இந்த வயதில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? – ஒரு வாசகி, திருச்சி.

பதில்: உங்கள் மகள் கேட்டதில் தப்பு இல்லை. வகுப்புச் சுவரில் தொங்கும் படத்திலும் டிவி விளம்பரத்திலும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்ற ஒரே குடும்பத்தைத்தான் அவள் பார்த்திருப்பாள். வேறு மாதிரி ஒன்றைப் பார்த்ததும் ஏதோ குறைகிறது என்று தோன்றிவிட்டது. திட்டாதீர்கள். திட்டினால், இது வாய்விட்டுப் பேசக் கூடாத விஷயம் என்பதை மட்டும்தான் கற்றுக்கொள்வாள்.

அந்தப் பையனிடம் போய் 'ஸாரி' சொல்லு என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். "நீ கேட்டது தப்பில்லடா. ஆனா எல்லார் முன்னாடியும் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்திருச்சு. நாளைக்கு அவன் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடு" என்று சொன்னால் போதும்.

அப்புறம், அந்தப் 'பாவம்'. இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். இரக்கம் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் தினமும் பாவமாகப் பார்க்கப்படும் குழந்தை தன் வீட்டைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடும். இந்தப் பார்வை குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் போகிறது. பக்கத்து வீட்டு விவாகரத்தைச் சொல்லும்போது நம் குரல் தாழ்கிறதே, அதை அவர்கள் கவனிக்கிறார்கள். ஆகவே, என்ன சொல்கிறீர்கள் என்பதைவிட, சாதாரணக் குரலில் சொல்கிறீர்களா என்பது முக்கியம்.

ஐந்து வயதில் குழந்தைக்குத் தெரிய வேண்டியது அதிகமில்லை. அவனுக்கு யார் சோறு ஊட்டுவார்கள், யார் பள்ளிக்குக் கூட்டி வருவார்கள், ராத்திரி யாரோடு தூங்குவான் என்பதுதான் அந்த வயதின் கேள்வி. "அவனைத் தாத்தாவும் பாட்டியும் வளர்க்கிறாங்க. அவங்கதான் அவன் குடும்பம்" என்று இரண்டு வாக்கியத்தில் நிறுத்துங்கள். அடுத்த கேள்வி வந்தால் அடுத்த வாக்கியம். அம்மா அப்பா ஏன் கூட இல்லை என்பது உங்களுக்கே தெரியாது என்றால், ஊகித்துச் சொல்ல வேண்டாம். "அது அவன் வீட்டு விஷயம். அவனுக்குச் சொல்லணும்னு தோணினா சொல்லுவான்" என்பது முழுமையான பதில்தான்.

இந்தக் கேள்விகளுக்கு அடியில் பெரும்பாலும் இன்னொன்று ஒளிந்திருக்கும்: 'நீயும் என்னை விட்டுப் போயிடுவியா?' குழந்தை அதை நேராகக் கேட்காது. அன்றைக்கு மட்டும் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும், தூங்காமல் படுத்தும். கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்: "அம்மாவும் அப்பாவும் உன்னைப் பார்த்துக்கிட்டேதான் இருப்போம். எங்களுக்கு முடியலைன்னா அப்பாயி இருக்காங்க, சித்தி இருக்காங்க."

உங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவை அம்மாச்சி வளர்த்திருப்பார், பிள்ளையில்லாத பெரியம்மா ஒரு தம்பியை எடுத்து வளர்த்திருப்பார், ஒரு மாமா வளைகுடாவில் வேலைபார்க்க, அத்தை ஒற்றை ஆளாக வீட்டை நடத்தியிருப்பார். நம் ஊரில் ஒரு தலைமுறை பின்னால் போனால் இப்படி ஒருவராவது இல்லாத வீடு அரிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை எடுத்து வைத்து, "இவங்களை யார் வளர்த்தாங்க தெரியுமா?" என்று ஒவ்வொருவராகச் சொல்லிப் பாருங்கள். வித்தியாசமான குடும்பம் என்பது யாரோ ஒருவர் வீட்டுச் சமாச்சாரம் அல்ல என்பது அப்போதே விளங்கிவிடும்.

கதைகளும் கையிலேயே இருக்கின்றன. கண்ணனைப் பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. முருகனைப் பாலூட்டி வளர்த்தது ஆறு கார்த்திகைப் பெண்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசித் தோட்டத்தில் கிடைத்த குழந்தையைப் பெரியாழ்வார் தன் மகளாக வளர்த்தார், அவள்தான் ஆண்டாள். நபிகள் நாயகம் பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார், ஆறு வயதில் தாயும் போன பிறகு தாத்தாவும், அவருக்குப் பின் பெரியப்பா அபூதாலிபும் வளர்த்தார்கள். மோசேயை எடுத்து வளர்த்தவள் எகிப்து மன்னனின் மகள். குழந்தைகள் இந்தக் கதைகளில் யாரையும் பாவம் என்று பார்ப்பதில்லை. கதையை நிறுத்தி விளக்கவுரை கொடுக்காமல், கதையாகவே சொல்லுங்கள்.

மரணம் என்றால் மட்டும் சுற்றி வளைக்காதீர்கள். 'தூங்குகிறார்', 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்றால் குழந்தை தூங்கவும் ஊருக்கு அனுப்பவும் பயப்படும். "செத்துப் போயிட்டாங்க. உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, திரும்ப வர மாட்டாங்க" என்று சொல்வது கடுமையாகத் தோன்றினாலும் குழந்தைக்கு அதுதான் தெளிவு. பிரிந்த பெற்றோர் என்றால், "அவங்க ரெண்டு பேரும் வேற வேற வீட்டுல இருக்காங்க. ரெண்டு பேருக்கும் அவன் மேல பிரியம்தான்." இந்த வயதுக் குழந்தைகள் தங்களால்தான் பெற்றோர் சண்டை போடுகிறார்கள் என்று நினைக்கக்கூடும். பிள்ளையின் தப்பு எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தத்துப் பிள்ளை விஷயத்தில் ஒரே கோரிக்கை. 'சொந்தப் பிள்ளையா?' என்று யாரிடமும், அதுவும் அந்தக் குழந்தையின் காதுபடக் கேட்காதீர்கள். தத்தெடுத்த பிள்ளை சட்டப்படியும் சொந்தப் பிள்ளைதான். 2015 சிறார் நீதிச் சட்டத்தின்படி திருமணமாகாத பெண்ணும் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ தத்தெடுக்கலாம். தனி ஆணும் தத்தெடுக்கலாம், பெண் குழந்தையை மட்டும் முடியாது.

இப்போது மாடி வீடு. உங்கள் மகளுக்கு இது நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிக்கல் இல்லை. அவர்கள் அக்கா தங்கையா, தோழிகளா, இணையரா என்பதை அவர்கள் உங்களிடம் சொல்லியிருந்தால்தான் உங்களுக்குத் தெரியும். அவர்கள் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். இணையர் என்று சொல்லியிருந்தால், "உனக்கு அம்மா, அப்பா. அந்தப் பாப்பாவுக்கு ரெண்டு அம்மா." இதில் உடலுறவு பற்றிய பேச்சுக்கே இடமில்லை, அப்பாவும் அம்மாவும் உள்ள வீட்டைப் பற்றிச் சொல்லும்போது நாம் அதைச் சொல்கிறோமா என்ன! சட்டம் இன்னும் பின்தங்கித்தான் நிற்கிறது. ஒருபால் உறவு குற்றமல்ல என்று 2018-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அத்தகைய திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. ஆனால் 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்க வழியல்ல என்று கூறியிருக்கிறது. உங்கள் மகளுக்கு இது எதுவும் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியிருக்கலாம், உறவினர்கள் கேட்கும்போது.

இப்படிப்பட்ட குடும்பங்களை ஏற்றுக் கொண்டாடுவது நல்லதுதான், ஆனால் அது அவர்களைக் காட்சிப்பொருளாக்குவது அல்ல. பிறந்தநாளுக்கு அந்தப் பையனைக் கூப்பிடுங்கள், அழைப்பில் 'தாத்தா பாட்டியோடு வாங்க' என்று எழுதுங்கள். பொங்கலுக்கு மாடி வீட்டுக்கும் எல்லார் வீட்டுக்கும் போலவே ஒரு தூக்குப் பொங்கல் அனுப்புங்கள்.

பள்ளியிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அம்மா, அப்பா, நான் என்று முன்கூட்டியே கட்டம் போட்ட சார்ட்டுக்குப் பதிலாக, 'என்னை யாரெல்லாம் பார்த்துக்கொள்கிறார்கள்' என்று வரையச் சொல்லலாமே. அன்னையர் தின வாழ்த்து அட்டையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விட்டுவிடலாம். 'தந்தை கையெழுத்து' என்ற இடத்தைப் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று மாற்றக் கேளுங்கள். திருமணமாகாத தாய் தந்தையின் பெயரை வெளியிடாமலே குழந்தையின் பாதுகாவலராகலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாஸ்போர்ட்டுக்கே 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். பள்ளி டைரிக்கு மட்டும் இரண்டு பெயரும் வேண்டும் என்பதில் நியாயமில்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், பெற்றோர் கூட்டத்தில் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். அந்தப் பையனின் பெயரை மட்டும் எடுக்காதீர்கள்.

கடைசியாக வீட்டுப் பெரியவர்கள். அப்பாயி அந்தப் பையனை 'அநாதை' என்று சொன்னால் குழந்தை முன்னால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. "அவனுக்குத்தான் தாத்தா பாட்டி இருக்காங்களே, அத்தை" என்று அங்கேயே இயல்பாகச் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.