லேசர், ஆர்.எஃப். (ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் தோலைச் சூடாக்கும் கருவி) எல்லாம் முகத்தோலில் என்ன செய்கிறது? மாநிறத் தோலுக்குச் சரிவருமா?

சரிவரும், ஆனால் எந்தக் கருவி, யார் கையில் என்று பார்க்க வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், முகம் பளிச்சென்று ஆகும் என்றார்களே என்று ஒரு பார்லரில் ஐ.பி.எல். என்கிற பலமான ஒளித்துடிப்புச் சிகிச்சை செய்துகொண்டேன். அன்று ராத்திரி முழுக்கக் கன்னம் எரிந்தது. மூன்றாம் நாள் பார்த்தால், கருவியின் முனை எவ்வளவு அகலமோ அதே அளவில் பழுப்புக் கட்டங்கள், வரிசையாக. மங்க எட்டு மாதம் ஆயிற்று. கல்யாணப் போட்டோக்களில் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே நிற்கிறேன்.

அப்புறம் பார்த்த தோல் டாக்டர்தான் விளக்கினார். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை தோலுக்குள் அளவாக ஒரு காயத்தை உண்டாக்குகின்றன. சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நார்கள் சுருங்கும். புண்ணை ஆற்ற வரும் உடம்பு புது நார் நெய்யும். அதற்கு மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். மறுநாளே தெரியும் பளபளப்பு பெரும்பாலும் வீக்கம்தான்.

ஒளியைக் குறிப்பிட்ட அலைநீளத்தில், கண நேரம் மட்டும் பாய்ச்சினால் அதை உறிஞ்சும் பொருள் மட்டும் சூடாகும் என்று ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்கத் தோல் டாக்டர்கள் 1983-இல் எழுதினார்கள். இன்றைய தோல் லேசர்களுக்கு அதுதான் அடிப்படை. நமக்கு மெலனின் என்கிற நிறமி மேல்தோலிலேயே நிறைய இருக்கிறது. ஐ.பி.எல். ஒளியை அது வாசலிலேயே பிடித்துக்கொள்ளும். என் கன்னம் வெந்தது அப்படித்தான். ஆனால் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் என்ற வகை லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். ஆர்.எஃப். ஒளியே இல்லை, திசுவில் மின்சாரம் ஓடும்போது வரும் சூடு. அதனால் நிறம் அதற்குப் பெரிதில்லை.

பருத் தழும்புக்கு ஊசிமுனை ஆர்.எஃப். மூன்று முறை செய்துகொண்டேன். மரத்துப்போகும் க்ரீம் தடவியும் நெற்றி எலும்பருகே வலித்தது. நாலு நாள் கன்னத்தைத் தொட்டால் ரவை மாதிரி நெருடும். குழிகள் போகவில்லை, ஆழம் குறைந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சன்ஸ்கிரீனை ஒரு நாளும் விடாதீர்கள். முதலில் காதுக்கு முன்னால் சின்ன இடத்தில் சோதித்து, சில வாரம் பார்த்துவிட்டு முழு முகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அதற்கு நேரமில்லை என்கிற இடமானால் எழுந்து வந்துவிடுங்கள்.