ஏற்கெனவே கையில் இருக்கும் பழைய புரோகிரசிவ் ராக் ஆல்பங்களின் ரீமாஸ்டர், டீலக்ஸ் பதிப்புகளை மறுபடியும் காசு கொடுத்து வாங்குவது வீண் செலவுதானே?

வீண் செலவு இல்லை. ஆனால் 'டீலக்ஸ்' என்று அட்டையில் போட்டிருப்பதையெல்லாம் வாங்கச் சொல்லவும் மாட்டேன். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால், வீட்டில் யாரோ "அதே பாட்டுதானே, எத்தனை தடவை வாங்குவ?" என்று கேட்டிருக்கிறார்கள், உங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை என்று தோன்றுகிறது. என் கடைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கீழக்கரைக்காரன். ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்த்துப் பிழைத்தவன். இப்போது அதே கடையில் இன்வெர்ட்டர், சிசிடிவி வேலைதான் சோறு போடுகிறது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கொழும்பு, சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று எங்காவது இருப்பார். என் சாச்சா, அதாவது சித்தப்பா, கப்பலில் வேலை பார்த்தார். மற்றவர்கள் விடுமுறைக்கு வரும்போது சென்ட் பாட்டிலும் கம்பளியும் டார்ச் லைட்டும் கொண்டுவருவார்கள். சாச்சாவின் பெட்டியில் பாதி கேசட்டாக இருக்கும். யெஸ், கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், ஜெனிசிஸ் என்று எல்லாம் புரோகிரசிவ் ராக், அதாவது நீண்ட பாட்டுகளாக விரித்து வாசிக்கும் 'புரோக்' வகை ஆங்கில ராக் குழுக்கள். எங்கள் கரையில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் போலக் கேட்கும். அதன் ஆங்கிலச் சேவையில் தொடங்கிய பழக்கம் அவருக்கு. அஸர் தொழுதுவிட்டு வந்து மாடி அறையில் போடுவார். மஃரிப் பாங்கு சொல்வதற்குள் நிறுத்திவிடுவார். "வாப்பா, கையைத் துடைச்சிட்டு வந்து கேசட்டைத் தொடு" என்பார் என்னிடம். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்த மாடி அறையால்தான்.

அந்தக் கேசட்டுகளுக்கு என்ன ஆனது என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில். கடலோரத்தில் வீடு இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்று இரும்பையே தின்னும். சாச்சா கப்பலுக்குத் திரும்பிவிட்டால் பெட்டி மாதக்கணக்கில் மூடியே கிடக்கும். வாடைக்காற்று மாதங்களில் சுவரே வியர்க்கும் வீடு அது. கேசட்டின் திருகாணி துருப்பிடிக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுப் பட்டைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு பச்சை பூக்கும். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். நாடாவை எடுத்து வேறு கூட்டில் மாற்றினேன், ஸ்பிரிட்டில் துடைத்தேன், ஹெட்டின் கோணத்தை ஒவ்வொரு கேசட்டுக்கும் தனித்தனியாகத் திருகிச் சரிசெய்து கணினியில் ஏற்றினேன். பாட்டு வந்தது. மேல் ஸ்தாயி வரவில்லை. யெஸ் குழுவின் 1972ஆம் ஆண்டு ஆல்பமான 'குளோஸ் டு தி எட்ஜ்' தண்ணீர் ஓடும் சத்தத்தோடும் பறவைச் சத்தத்தோடும் மெதுவாகத் தொடங்கும். எனக்கு அது எப்போதும் 'உஸ்' என்கிற இரைச்சல்தான். இரைச்சலுக்குள்ளிருந்து திடீரென்று கிடார் பாயும்.

2013இல் அந்த ஆல்பத்தை, பழைய புரோக் ஆல்பங்களை மறுபடி கலப்பதில் பெயர் பெற்ற இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் புதிதாக மிக்ஸ் செய்ய, வெளியிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் மூலம் வாங்கினேன். போட்டதும் பறவை கூவியது. சாச்சா அப்போது ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டார். கூப்பிட்டு உட்காரவைத்தேன். "இதுல தண்ணியாடா ஓடுது?" என்றார். பதினெட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு, ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் "இந்தப் பையன் பாஸை எங்கேயிருந்து எடுத்தான்?" என்று, அடிச்சுரம் வாசிக்கும் பாஸ் கிடாரைப் பற்றிக் கேட்டார்.

அவர் கேட்டதற்குப் பதில் இருக்கிறது, அதில்தான் வாங்கலாமா வேண்டாமா என்பதும் இருக்கிறது. ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு. ரீமாஸ்டர் என்றால் ஏற்கெனவே கலந்து முடித்த இரண்டு தட ஸ்டீரியோ நாடாவை எடுத்து அளவையும் சாயலையும் திருத்துவது. அதில் பாஸை மட்டும் தனியாகத் தூக்க முடியாது, கூடவே மற்றதும் வரும். ரீமிக்ஸ் என்றால் ஸ்டூடியோவில் பாஸ், டிரம்ஸ், குரல், மெல்லோட்ரான் (நாடாவில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) என்று தனித்தனித் தடங்களில் பதிந்த மூல நாடாவுக்கே போய் மறுபடி கலப்பது. கிங் கிரிம்சனின் 1969ஆம் ஆண்டு முதல் ஆல்பம் எட்டுத் தட இயந்திரத்தில் பதிவானது. எட்டுத் தடம் போதாது. நிரம்பியதைச் சேர்த்து ஒன்றாக்கி இன்னொரு நாடாவில் நகலெடுத்து, காலியான தடங்களில் மேலும் பதிவார்கள். ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் ஒரு படி ஏறும், தெளிவு ஒரு படி இறங்கும். 2009இல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்புக்கு வில்சனும் அந்தக் குழுவின் கிடார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பும் நகலெடுப்பதற்கு முந்தைய நாடாக்களுக்கே போனார்கள். 1969இல் அதைக் கலந்தவர்களுக்கே அந்தத் தெளிவு கையில் இல்லை. இதைத்தான் நான் வீண் செலவு இல்லை என்கிறேன்.

இன்னொரு விதமான பதிப்பும் உண்டு. அதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வரும். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து ரீமாஸ்டர் என்ற பெயரில் பலர் செய்தது ஒன்றுதான், சத்தத்தை ஏற்றியது. சிடியில் சுமார் 96 டெசிபல் இடைவெளி இருக்கிறது. மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவே அவ்வளவு இடம். அதை வைத்துக்கொண்டு, லிமிட்டர் (சத்தத்தின் உச்சத்தை அமுக்கும் கருவி) போட்டு எல்லாவற்றையும் உச்சியில் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள். ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து பாருங்கள், அலையின் தலை ஒரே மட்டமாகக் கத்தரித்த வேலி போல் நிற்கும். சாதாரண சினிமாப் பாட்டு இதைத் தாங்கிக்கொள்ளும். புரோக் இசை தாங்காது. கிங் கிரிம்சனின் 1974ஆம் ஆண்டு 'ரெட்' ஆல்பத்தில் 'ஸ்டார்லெஸ்' கேட்டிருப்பீர்கள். மெல்லோட்ரானில் அமைதியாகத் தொடங்கும். நடுவில் பாஸ் தாளத்தை இழுத்துக்கொண்டே போக, கிடார் ஒரே சுரத்தைத் தட்டித் தட்டி, நிமிடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். தொடக்கத்திலேயே சத்தம் உச்சியில் இருந்தால் அது எங்கே ஏறும்? 2007, 2008 வாக்கில் வந்த ஜெனிசிஸ் ரீமிக்ஸ்களில் மூல நாடாவுக்கே போய் நல்ல வேலை பார்த்திருந்தும், கடைசியில் சத்தத்தை இறுக்கியதால் ரசிகர்களில் பலர் பழைய சிடிக்கே திரும்பினார்கள். நானும் 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' கேட்க வேண்டுமென்றால் பழையதைத்தான் எடுப்பேன்.

"யூடியூபில் இலவசமாக இருக்கே" என்று கருத்துப் பெட்டியில் எழுத வருகிறவர்களுக்கு ஒன்று. இருக்கிறது, நானும் கேட்கிறேன். ஆனால் அங்கே ஓடுவது எந்த வருட மாஸ்டர் என்று பல ஆல்பங்களுக்குத் தெரியாது. "வெள்ளைக்காரன் பாட்டு எதுக்கு" என்பவர்களுக்கு: எங்கள் வீட்டில் நாகூர் ஹனிபாவும் பாடுவார், இளையராஜாவும் ஓடும். எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. "லட்ச ரூபாய் ஸ்பீக்கர் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்" என்பதும் சரியில்லை. என்னிடம் இருப்பது பழைய ஆம்ப்ளிஃபயரும் நானே கோன் மாற்றிய ஸ்பீக்கரும்தான். அந்தப் பறவை அதில்தான் கூவியது.

என் கேசட்டானாலும் ஸ்டூடியோவின் மூல நாடாவானாலும், ஈரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில வகை ஸ்டூடியோ நாடாக்களில், காந்தத் தூளை ஒட்டிவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகும். அப்படியே ஓட்டினால் தூள் உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அதனால் ஐம்பது டிகிரிச் சூட்டில் மணிக்கணக்கில் பதமாக வாட்டி, மறுபடி ஈரம் ஏறுவதற்குள் ஓட்டி டிஜிட்டலில் ஏற்றுகிறார்கள். நான் பூஞ்சையோடு மல்லுக்கட்டியவன். அந்த வேலை எவ்வளவு பொறுமை கேட்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறேன்.

காசு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சிடி விலையை விட, அது கைக்கு வந்து சேர்வதுதான் எங்கள் பக்கத்தில் பெரும்பாடு. சுங்க வரி கட்டி, பிரித்துப் பார்த்து மறுபடி டேப் ஒட்டி, முனை நசுங்கி வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே "முகவரியில் ஆள் இல்லை" என்று செல்போனுக்குச் செய்தி வரும். போன் போட்டால் ராமநாதபுரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். பஸ் பிடித்துப் போனால் சாப்பாட்டு நேரம் என்பார்கள். பாட்டுக்கு இப்படி என்றால் போகட்டும். என் உம்மாவுக்கு மூச்சுத்திணறலுக்கு வைக்கும் கருவியின் முகமூடியும் இப்படித்தான் அங்கே கிடந்தது. சென்னையில் மறுநாள் வாசலுக்கு வருவது எங்களுக்கு மட்டும் ஏன் "உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை" ஆகிறது? கடலோரத்தில் இருப்பவர்களும் அதே டெலிவரிக் கட்டணத்தைத்தான் கட்டுகிறோம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உறையில் ரீமிக்ஸ் என்று இருக்கிறதா, யார் செய்தது, மூல நாடாவிலிருந்து செய்ததா என்று பாருங்கள். பழைய மிக்ஸை எதுவும் திருத்தாமல் அப்படியே ஏற்றியது கூட இருக்கிறதா என்றும் பாருங்கள். 2013 யெஸ் பதிப்பில் அது இருந்தது. சாச்சாவுக்குச் சில இடங்களில் பழையதுதான் பிடித்தது, அவருக்கு அந்த வழியும் திறந்தே இருந்தது. டப்பாவின் கனத்தைப் பார்க்காதீர்கள். 2011இல் வந்த பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' பெரிய பெட்டியில் 1972இல் செய்த ஆரம்ப மிக்ஸும் 1974 வெம்ப்ளிக் கச்சேரியும் இருந்தன, கேட்க வேண்டியவை. கூடவே கோலிக்குண்டும் கழுத்துத் துண்டும் இருந்தன, அதற்கும் சேர்த்துத்தான் விலை. கிங் கிரிம்சனின் 'தி ரோட் டு ரெட்' பெட்டியில் 24 தட்டுகள், பெரும்பாலும் மேடைக் கச்சேரிகள். அந்தக் குழு ஒவ்வொரு இரவும் எப்படி வாசித்தது என்று ஒப்பிட்டுக் கேட்கிற ஆள் நீங்கள் என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் ஒற்றை ஆல்பப் பதிப்பே போதும்.

நீங்கள் எந்த ஆல்பத்தை மனதில் வைத்துக் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. ஜெத்ரோ டல்லின் 'திக் ஆஸ் எ பிரிக்' என்றால் 2012 பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். வில்சனின் மிக்ஸ், அசல் உறையாக வந்த அந்தக் கற்பனைச் செய்தித்தாளும் புத்தகத்துக்குள் இருக்கிறது. ஜெனிசிஸ் என்றால் கையில் இருக்கும் பழைய சிடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.