சுவிஸ்காரரிடம் எந்த மொழியில் கேட்பது?

இந்தியாவுக்கும் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வர்த்தகச் சங்கம்) நாடுகளுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே, 2024 ஜனவரி 1 அன்று, தொழிற்சாலைப் பொருட்களுக்கான இறக்குமதி வரியை சுவிஸ் தானாகவே எடுத்துவிட்டது. அதனால் சுவிஸ் சந்தை ஆய்வு பற்றிய கேள்விகள் வந்து குவிகின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருப்பூரில் பின்னலாடை செய்கிறோம். சுவிஸில் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும் என்கிறார்கள். ஆங்கிலத்திலேயே ஆன்லைன் சர்வே நடத்தினால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்தானே?

செலவு மிச்சம்தான். ஆனால் சூரிச் வங்கிகளிலும் ஜெனீவாவின் ஐ.நா. அலுவலகங்களிலும் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது மட்டுமே தெரியவரும். பனியன் வாங்கும் குடும்பத்தலைவி அதில் இருக்க மாட்டார்.

அங்கே தேசிய மொழிகள் நான்கு. முதன்மை மொழியாக ஜெர்மன் பேசுவோர் சுமார் 62 சதவீதம், பிரெஞ்சு 23, இத்தாலி 8, ரோமாஞ்சு 0.5. ரோமாஞ்சு பேசுகிறவர்களுக்கு ஜெர்மனும் தெரியும் என்பதால் மூன்று மொழிக் கேள்வித்தாள் போதும்.

சிக்கல் ஜெர்மனில்தான். எழுதுவது பொது ஜெர்மன். பேசுவது ஊருக்கு ஊர் மாறும் சுவிஸ் ஜெர்மன். நம் மேடைத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் உள்ள தூரத்தைவிட இது அதிகம். அங்கே பேராசிரியரும் கூச்சமே இல்லாமல் வட்டார வழக்கில்தான் பேசுவார். ஆகவே கேள்வித்தாளைப் பொது ஜெர்மனில், சுவிஸ் வழக்கப்படி எழுதுங்கள். சைக்கிளை ‘ஃபாராட்’ என்றால் ஜெர்மனிக்காரர் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும்; அங்கே அது ‘வேலோ’. பிரெஞ்சிலும் அப்படித்தான்: பாரிஸ்காரர் எழுபதை ‘அறுபதும் பத்தும்’ என்பார், சுவிஸில் ‘செப்டாந்த்’ என்று ஒரே சொல்.

ஃபோகஸ் குரூப், அதாவது சிலரைக் கூட்டி உட்காரவைத்துக் கருத்துக் கேட்கும் கூட்டம், நடத்துகிறவர் கட்டாயம் வட்டார வழக்கு பேசுகிறவராக இருக்கட்டும். ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் நடத்திய கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் மரியாதையாகப் பொது ஜெர்மனுக்கு மாறினார்கள்; பேச்சும் பாதியாகக் குறைந்தது. காபி இடைவேளையில் வட்டார வழக்கில் பேசிக்கொண்டதுதான் உண்மையான கருத்து. அதை யாரும் பதிவு செய்யவில்லை.

எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்டுக்கு 1,000 பேரை மாதிரியாக எடுக்கிறேன். மொழிவாரியாக, மக்கள்தொகை விகிதப்படி பிரித்தால் சரியா?

மொழி வேறு, மொழிப்பகுதி வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இத்தாலி பேசும் 8 சதவீதத்தில் சுமார் பாதி சூரிச், பாசெல் என்று நாடெங்கும் பரவியிருக்கும் இத்தாலிய வம்சாவளியினர். தெற்கே தீச்சினோ மாநிலத்தை மையமாகக் கொண்ட இத்தாலி மொழிப்பகுதியில் இருப்பது சுமார் 4 சதவீதம்தான். விகிதப்படி எடுத்தால் அங்கே 40 பேர் கிடைப்பார்கள். 40 பேரை வைத்துச் சொல்லும் எந்தச் சதவீதத்துக்கும் பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ சுமார் 15 புள்ளி வரை போகும்.

நானாக இருந்தால் ஜெர்மன் பகுதிக்கு 500, பிரெஞ்சுக்கு 300, இத்தாலிக்கு 200 என்று எடுப்பேன். பகுதிகளை ஒப்பிட அப்படியே வைத்துக்கொள்ளலாம். நாடு முழுவதுக்குமான எண் வேண்டுமென்றால் ஒவ்வொரு பகுதியின் பதிலுக்கும் அதன் உண்மையான மக்கள்தொகை விகிதப்படி எடை கொடுத்துக் கணக்கிடணும். இதை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. ஜெனீவா, பாசெல், தீச்சினோ போன்ற எல்லைப் பகுதிகளில் வேலை செய்து, மாலையில் பிரான்ஸுக்கோ ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ வீடு திரும்புகிறவர்கள் சுமார் 4 லட்சம் பேர். மதிய உணவு விற்கப் போகிறீர்கள் என்றால் அவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள். ஆனால் குடியிருப்போர் பட்டியலில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஜெர்மனியில் பயன்படுத்திய கேள்வித்தாள் கைவசம் இருக்கிறது. அதையே சுவிஸின் ஜெர்மன் பகுதியில் ஓட்டலாமா?

அதில் ‘பள்ளி மதிப்பெண் போடுங்கள்’ என்ற கேள்வி இருக்கிறதா, முதலில் பாருங்கள். ஜெர்மனியில் திருப்தியை அளக்க இது எல்லோரும் கையாளும் வழி. அங்கே 1 என்றால் மிக நன்று, 6 என்றால் படுமோசம். சுவிஸ் பள்ளியில் நேர்தலைகீழ்: 6தான் உச்சம், 4 வாங்கினால் பாஸ், 1 வாங்கினால் வீட்டில் அடி.

ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் இப்படித்தான் கேள்வித்தாளைக் கொண்டுபோய்ச் சராசரி 4.8 வாங்கி வந்தது. தலைமை அலுவலகம் இடிந்துபோய், பொருளையே திரும்பப் பெறலாமா என்று யோசித்தது. சுவிஸ் கணக்கில் அது நல்ல மதிப்பெண்! ‘1 = மிக நன்று’ என்று மேலே அச்சிட்டுத்தானே இருந்தது என்று கேட்கலாம். அச்சிட்டிருந்தது, சிலர் அதைப் படித்துப் போட்டார்கள், சிலர் பத்து வருடப் பள்ளிப் பழக்கத்தில் போட்டார்கள். யார் எப்படிப் போட்டார் என்று பிரிக்க வழியில்லாததால் மொத்தத் தரவும் குப்பைக்குப் போனது. தலைகீழாக்கிச் சரிசெய்யவும் முடியவில்லை.

எண்ணே வேண்டாம், ‘மிகத் திருப்தி’ முதல் ‘துளியும் திருப்தியில்லை’ வரை சொற்களாகக் கொடுங்கள். சொற்களின் கனம் மூன்று மொழியிலும் ஒன்றுதானா என்று, எழுதியவரே அல்லாமல் வேறொருவர் பார்க்கட்டும்.

சலவைத்தூள் விற்கிறோம். பணக்கார நாடாயிற்றே, வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் என்று கணக்குப் போடலாமா?

போடாதீர்கள். பத்தில் ஆறு குடும்பங்களாவது வாடகை வீட்டில். பல கட்டடங்களில் கீழ்த்தளத்தில் பொதுச் சலவையறை இருக்கும். மெஷின் வீட்டுக்காரருடையது, யாருக்கு எந்த நாள் என்று முறை உண்டு. முறை வந்த நாளில் மொத்த அழுக்கையும் துவைத்து முடிக்கணும். பெட்டியின் அளவை அது தீர்மானிக்கும், சம்பளம் அல்ல.

சம்பளமும் ஏமாற்றும். 2022இல் மொத்த மாதச் சம்பளத்தின் நடுமதிப்பு 6,788 பிராங்க். ஆனால் உடல்நலக் காப்பீட்டை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கட்டணும், பிரீமியம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குடிமக்களுக்கு வருமான வரியையும் சம்பளத்தில் பிடிப்பதில்லை. பில் பிறகு வரும். எல்லை ஊர்க்காரர்கள் கறிக்கும் சோப்புக்கும் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் வரை போய்வருவது சாதாரணம். அதைக் குறைக்கத்தான் 2025 ஜனவரியில் வரியின்றிக் கொண்டுவரும் வரம்பை 300 பிராங்கிலிருந்து 150 ஆக்கினார்கள்.

வருமானத்தைக் கேட்டே ஆகணும் என்றால் கேள்வித்தாளின் கடைசியில், வரம்புகளாக, ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற வாய்ப்போடு கேளுங்கள். மாதச் சம்பளமா ஆண்டுச் சம்பளமா, ஆண்டு இறுதியில் கூடுதலாகத் தரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் சேர்ந்ததா என்பதையும் எழுதிவிடுங்கள்.

தனிநபர் தரவுக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டம்தானே பொருந்தும்?

சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை. அதன் சொந்தப் புதிய சட்டம் 2023 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. வேண்டுமென்றே மீறினால் அபராதம் 2.5 லட்சம் பிராங்க் வரை. அது பெரும்பாலும் நிறுவனத்துக்கு அல்ல, பொறுப்பில் இருந்த ஆளுக்கு. வக்கீலைப் பாருங்கள்.

பெர்னில் இருக்கிறேன். அம்மாவின் கறித்தூளை விற்க ஆசை. அறுபது பேரிடம் கேட்டேன், எல்லோரும் ‘அருமை, கட்டாயம் வாங்குவோம்’ என்றார்கள்.

அறுபது பேரும் தமிழர்கள், அதிலும் அம்மாவைத் தெரிந்தவர்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் வேறென்ன சொல்வார்கள், தங்கச்சி? சுவிஸில் நம்மவர்கள் சுமார் 50,000 பேர். அவர்களுக்குத் தமிழ்க்கடைகள் இருக்கின்றன, பல வீடுகளில் சொந்தத் தூளும் இருக்கிறது. சுவிஸ்காரர்களுக்கு விற்பதென்றால் அவர்களிடம் கேளுங்கள். ‘வாங்குவீர்களா’ என்று கேட்காமல், சனிக்கிழமைச் சந்தையில் ஒரு மேசை போட்டு, காசு வாங்கி விற்றுப் பாருங்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வருகிறவர்களை மட்டும் எண்ணுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பனஞ்சாராயம் வடிக்கும் நண்பருக்காகக் கேட்கிறேன். மிக்ரோ சூப்பர்மார்க்கெட்டில் வைத்தால் போகுமா? எத்தனை பேரைக் கேட்கணும்?

ஒருவரையும் கேட்க வேண்டாம். மிக்ரோ மது விற்பதில்லை. 2022இல் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். பத்து வட்டாரக் கூட்டுறவுகளிலும் ‘வேண்டாம்’ என்றே முடிவு வந்தது. மிக்ரோவுக்குச் சொந்தமான டென்னர் கடைகளில் தாராளமாக விற்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள், அல்லது கோப் என்ற இன்னொரு சூப்பர்மார்க்கெட்டில்.