நானே சிவம் என்றால் யாரை அழைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேவாரமும் திருவாசகமும் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது காஷ்மீர சைவம் படிக்கிறேன். இறைவனும் உயிரும் வேறு என்னும் நம் சைவ சித்தாந்தத்துக்கு நேரெதிரான சைவமாகத் தெரிகிறது. நானே சிவம் என்று ஆகிவிட்டால் யாரை அழைத்து அழுவது? அதன் பெரிய ஆசான் அபிநவகுப்தரின் தத்துவத்தில் பக்திக்கு இடமில்லை, காஷ்மீரப் பெண் கவி லல்லாவின் உருக்கமெல்லாம் சூஃபிகளிடமிருந்து வந்தது என்கிறார் ஒரு நண்பர். அப்படித்தானா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் உத்பலதேவரைப் படிக்காமலே அபிநவகுப்தருக்குப் போய்விட்டார் போலிருக்கிறது. பலரும் செய்வதுதான். உத்பலர் அபிநவருக்குக் குருவின் குரு, பத்தாம் நூற்றாண்டுக்காரர். அவருடைய ‘ஈசுவரப் பிரத்யபிஜ்ஞா காரிகை’ பௌத்தர்களோடு விடாமல் மல்லுக்கட்டும் தர்க்க நூல். அப்படிப்பட்ட நூல் முடியும் இடத்தில் ஒரு பெண் வருகிறாள். ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டே காதல் கொண்டவள். எத்தனையோ வேண்டுதலுக்குப் பிறகு அவன் எதிரே வந்து நிற்கிறான். அவன்தான் இவன் என்று தெரியாததால் யாரோ ஒருவனாகவே இருக்கிறான். அவளுக்கு மகிழ்ச்சி பிறக்கவில்லை. சிவத்தை அடையாளம் காண்பதும் இப்படித்தான் என்கிறார் உத்பலர். பக்கம் பக்கமாக வாதாடிவிட்டு, முடிக்கும்போது அவருக்குக் கைகொடுத்தது காதல்!

அவரே பாடிய துதிகள்தான் ‘சிவஸ்தோத்ராவளி’. அதன் முதல் சுலோகம் வணங்குவது பக்தனை. முறைப்படி தியானமோ ஜபமோ செய்யாமலே எவனுக்குச் சிவன் சும்மா தோன்றிவிடுகிறானோ, அந்த பக்திமானைப் போற்றுகிறோம் என்று தொடங்குகிறார். இந்தத் தத்துவத்தில் சிவன் தன் விருப்பத்தாலேயே தன்னை மறைத்துக்கொள்கிறான், தானே தன்னைக் கண்டும் கொள்கிறான். உலகம் பொய்யல்ல; ஏக்கமும் பொய்யல்ல. அழைப்பவனும் அவனே என்பதால் அழைப்பு நின்றுவிடுவதில்லை.

லல்லா வருவது அபிநவருக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, பதினான்காம் நூற்றாண்டில். பாம்பூரில் வாழ்க்கைப்பட்டவர் என்பது மரபு. மாமியார் சோற்றுக்கடியில் கல்லை ஒளித்துப் பரிமாறிய கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், விடுங்கள். ஒரு வாக்கைப் பாருங்கள் (அவர் பாடல்களுக்கு அங்கே அதுதான் பெயர்):

முறுக்காத நூலால் கடலில் படகை இழுக்கிறேன்.
என் தேவன் கேட்பானா, என்னையும் அக்கரை சேர்ப்பானா?
சுடாத மண்தட்டில் ஊற்றிய நீராய் வீணாகிறேன்.
வீட்டுக்குப் போக வேண்டும் என்று தவிக்கிறது உயிர்.

நானே சிவம் என்ற மரபில் வந்தவர்தான் இப்படிக் கதறுகிறார். தவிப்பு எங்கே போக? வேறு ஊருக்கல்ல, தன் வீட்டுக்கு. உத்பலர் சொன்ன பெண்ணுக்கும் இவருக்கும் அதிக தூரமில்லை.

சரி, சூஃபி விஷயம். லல்லா காலத்தில் காஷ்மீரத்தில் இஸ்லாம் வேரூன்றத் தொடங்கிவிட்டது. பேச்சும் பழக்கமும் கலந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவர் வாக்குகளில் பிராணன், அபானன், சிவன், சக்தி என்று யோகியின் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. தாக்கம் பளிச்சென்று தெரிவது எதிர்த்திசையில்தான். காஷ்மீரத்தின் சரார்-இ-ஷரீஃபில் அடங்கியிருக்கும் முஸ்லிம் ஞானி நுந்த ரிஷி, அதாவது ஷேக் நூருத்தீன், லல்லாவுக்கு அடுத்த தலைமுறை. பாம்பூர் லல்லா அமுதம் பருகினாள், எங்கும் சிவனைக் கண்டாள், தெய்வமே எனக்கும் அதே வரம் கொடு என்று பாடியதாக அவர் பெயரில் ஒரு செய்யுள் வழங்குகிறது.

‘வழங்குகிறது’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இவையெல்லாம் வாய்வழி வந்தவை. 1914இல் குஷ் என்ற ஊரில் தர்மதாச தர்வேஷ் என்ற முதியவர் மனப்பாடமாகச் சொல்ல, முகுந்தராம சாஸ்திரி எழுதிக்கொண்டார். அதை வைத்துத்தான் மேலைநாட்டு அறிஞர்கள் கிரியர்சனும் பார்னெட்டும் 1920இல் 109 வாக்குகளைப் பதிப்பித்தார்கள். மேலே சொன்ன படகு வாக்கு அதில் இருக்கிறது. ஆனாலும் ஒரே ஒரு வாக்கை வைத்து அவர் இன்ன மதம் என்று யாராவது அடித்துப் பேசினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், ‘நேரெதிர்’ என்றீர்கள். இறைவனும் உயிரும் வேறு என்ற சித்தாந்தமும் காஷ்மீரத்தில் தழைத்ததுதான். அங்கே பத்தாம் நூற்றாண்டில் பட்ட ராமகண்டர் எழுதிய உரைகளை அடியொற்றித்தான் சிதம்பரத்தில் 12ஆம் நூற்றாண்டு அகோரசிவர் எழுதினார். உங்கள் பக்கத்துச் சிவாச்சாரியார்கள் கையாளும் பத்ததிகளில் (பூசை, சடங்கு முறை நூல்களில்) அவருடையது முக்கியமானது, கேட்டுப் பாருங்கள்.

முதலில் சிவஸ்தோத்ராவளியைப் படியுங்கள், நண்பருக்கும் கொடுங்கள். அபிநவரின் பெருநூல் தந்திராலோகம் 37 ஆஹ்னிகம் (அத்தியாயம்), எங்கேயும் ஓடிவிடாது.