மாற்றிப் பொருத்திய மேனுவல் கியர்பாக்ஸைத் தாங்க வைப்பது எப்படி?

பழைய காரில் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு மேனுவல் கியர்பாக்ஸைப் பொருத்திய பின், அதன் வால்பகுதி, அதைத் தாங்குவதற்காகக் காரின் அடியில் குறுக்கே போகும் பழைய குறுக்குச் சட்டத்துக்கு நேராக வரவில்லை என்பது உங்கள் கேள்வி.

பின்சக்கர இயக்கமுள்ள பெரும்பாலான பழைய கார்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே தொகுதியாக, எஞ்சினின் இருபுறமும் இரண்டு, வாலில் ஒன்று என மூன்று மவுண்ட்டுகளில் (தாங்கிகளில்) அமர்கின்றன. மூன்றாவது இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் எடை முழுவதும், அதை எஞ்சினோடு இணைக்கும் உறையான பெல் ஹவுசிங்கில் தொங்கும். அலுமினிய வார்ப்பு அதைத் தாங்காமல் விரிசல் விடக்கூடும்.

சில கார்களில் பழைய சட்டத்தை முன்பின்னாகத் திருப்பிப் போட்டாலே போதும். போதாதெனில் புதிதாகச் செய்ய வேண்டியதுதான். ஆனால், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் இயக்கத் தண்டின் கோணத்தைப் பார்க்காமல் வெல்டிங்கைத் தொடாதீர்கள். காரின் எடை சக்கரங்களில் இருக்கும்போது, மரக்கட்டை வைத்த ஜாக்கியால் கியர்பாக்ஸைத் தாங்கி, அதன் வெளியீட்டுத் தண்டும் பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியலின் பினியனும் (அதன் உள்ளீட்டுத் தண்டும்) பக்கவாட்டில் பார்க்கையில் ஏறத்தாழ இணையாக வரும்வரை உயரத்தைச் சரிசெய்யுங்கள். இயக்கத் தண்டின் முனைகளிலுள்ள ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயிண்ட்டிலும் (வளையும் இணைப்பிலும்) 1 முதல் 3 டிகிரி கோணம் இருக்கட்டும். பூஜ்யம்தான் சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியிருந்தால் ஜாயிண்ட்டின் ஊசி உருளைகள் அசையாமல் ஒரே இடத்தை அழுத்தித் தடம் பதித்துவிடும்.

போல்ட் துளைகளை நீள்துளைகளாக வெட்டினால் பிறகு நகர்த்த வசதியாக இருக்கும். மவுண்ட்டுக்கு ரப்பரே என் தேர்வு. பாலியூரித்தேன் உறுதியானதுதான், ஆனால் அதிர்வை அப்படியே கேபினுக்குள் அனுப்பும். சைலன்சர் குழாயும் ஹேண்ட்பிரேக் கேபிளும் புதிய சட்டத்தில் உரசாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.