நைட்ரஜனும் வேக்யூமும் வேண்டாம், கேஸை விட்டே காற்றை வெளியேற்றலாம் என்கிறார் ஏசி மெக்கானிக். சம்மதிக்கலாமா?

சம்மதிக்காதீர்கள். வேலை ஒரு நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, கசிவு பார்க்க நைட்ரஜன் சிலிண்டரும், பைப்பிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்யூம் பம்பும் வந்த பிறகு இணைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டிருப்பது இது: புது வீடு, மாடி அறை, 1.5 டன் ஸ்பிளிட் ஏசி, உள்ளே குளிர்விக்கும் கேஸ் ஆர்-32 வகை. பைப் சுவருக்குள் பதிந்து 8 மீட்டர் ஓடி மொட்டை மாடிக்குப் போகிறது. அவுட்டோர் வால்வை லேசாகத் திறந்து, வரும் கேஸாலேயே பைப்பில் இருக்கும் காற்றைத் தள்ளிவிடலாம் என்கிறார் மெக்கானிக். நான் கோவையில் 18 வருடமாக இந்த வேலை செய்கிறேன். அவர் சொல்லும் முறையில் நானும் முதல் சில வருடங்கள் வேலை செய்தவன்தான். அதனால் அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் செய்திருப்பார். பழைய ஏசிகளில் ஆர்-22 என்கிற கேஸ் இருந்த காலத்தில் அது எங்கும் இருந்த பழக்கம்.

ஆனால் இப்போது பைப்புக்குள் ஓடுவது ஆர்-22 இல்லை. வெயில் காலத்தில் ஆர்-22 மெஷினின் பிரஷர் பக்கம் சுமார் 250 பிஎஸ்ஐ காட்டும் என்றால், அதே வெயிலில் ஆர்-32 சுமார் 400 பிஎஸ்ஐ காட்டும். கடும் வெயிலில் இன்னும் ஏறும். உங்கள் வாகன டயரில் இருப்பது 30 சொச்சம் பிஎஸ்ஐ. அதை வைத்து இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, ஆர்-32 தீப்பிடிக்கக்கூடியது. சமையல் கேஸ் போல எளிதில் பற்றாது, மெதுவாக எரியும் வகை. ஆனாலும் எரியும். பத்துக்குப் பத்து அறையில், கூரையும் பத்தடி என்றால், சுமார் 28 கன மீட்டர் காற்று இருக்கும். அதில் ஒரு கிலோ ஆர்-32 முழுதாகக் கலந்தாலும் பற்றும் அளவில் எட்டில் ஒரு பங்குதான் வரும். அதனால் வீட்டில் இந்த ஏசி இருப்பதற்கே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, கலப்பதற்கு முன் தரையோடு தங்கும். கசியும் இடத்திலும் மூலையிலும் பள்ளத்திலும் அளவு கூடுதலாக நிற்கும். அங்கே வெல்டிங் டார்ச்சோ சிகரெட்டோ ட்ரில் மெஷினின் பொறியோ வந்தால்தான் ஆபத்து. வேண்டுமென்றே கேஸைத் திறந்துவிட்டு வேலை செய்வது அந்தச் சூழலை நாமே உருவாக்குவது.

கேஸை விட்டுக் காற்றைத் தள்ளும்போது காற்று முழுதாகப் போவதும் இல்லை. இன்டோர் காயிலின் வளைவுகளில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். பைப்பின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் அசையவே அசையாது. ஆர்-32 கம்ப்ரசரில் இருக்கும் ஆயில் தண்ணீரை ஆவலாக உறிஞ்சும் வகை. ஈரத்தோடு சேர்ந்து சூடானால் அமிலமாகி, கம்ப்ரசர் மோட்டாரின் காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். ஏசி முதல் வருடம் நன்றாகத்தான் ஓடும். இரண்டாம் மூன்றாம் வருடம் கம்ப்ரசர் போய்விட்டது என்று வேறு மெக்கானிக் வந்து சொல்வார். பைப் போட்ட நாளோடு அதை யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்க மாட்டார்கள்.

காற்றைப் பற்றி எனக்குப் பயம் வந்தது 2010-இல். ஒரு கிளினிக்கில் ஏசியைக் கழற்றி வேறு அறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. கழற்றுவதற்கு முன் கேஸை முழுக்க அவுட்டோருக்குள் இழுத்து அடைப்போம், பம்ப் டவுன் என்போம். சின்ன பைப் வால்வை மூடிவிட்டு கம்ப்ரசரை ஓடவிட்டால் அது எல்லாக் கேஸையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அன்றைக்கு இன்டோர் பக்கத்துப் பெரிய பைப்பின் ஃப்ளேர், அதாவது நட்டால் இறுக்குவதற்காக விரித்த வாய், விரிசல் விட்டிருந்தது, எங்களுக்குத் தெரியாது. கேஸ் தீர்ந்ததும் அந்த விரிசல் வழியாகக் கம்ப்ரசர் வெளிக் காற்றை இழுக்க ஆரம்பித்தது. சத்தம் மாறியது, அவுட்டோர் நடுங்கியது. என்னோடு வந்த அண்ணன் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். அப்புறம்தான் விளக்கினார்: கம்ப்ரசருக்குள் ஆயில் ஆவி இருக்கிறது. அதோடு காற்றும் சேர்ந்து நசுங்கிச் சூடேறினால் டீசல் எஞ்சின் வேலை செய்கிற அதே கணக்கு, தானாகப் பற்றி வெடிக்கும். நான் அந்த அவுட்டோரின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன், முகத்துக்கும் அதற்கும் ஒரு முழ இடைவெளி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன் பிறகு பைப்புக்குள் காற்று இருக்கலாம் என்கிற வேலையில் நான் கம்ப்ரசரை ஓடவிட்டதே இல்லை.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பைப் சுவருக்குள் போகிறது என்பதுதான் இதில் மிக முக்கியம். பூச்சு வேலை முடிந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. முடியவில்லை என்றால் உங்களுக்கு நல்ல நேரம். சுவருக்குள் போகும் காப்பர் பைப்பில் ஜாயின்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரே நீளமாக, இன்டோர் இடத்திலிருந்து அவுட்டோர் வரை வர வேண்டும். பைப்பை வைத்ததும் இரண்டு முனையையும் அடைத்து, உள்ளே நைட்ரஜன் ஏற்றி, பிரஷர் காட்டும் ஒரு கேஜை மாட்டி அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். கொத்தனார், டைல்ஸ்காரர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் அதற்குப் பிறகுதான் அந்தச் சுவரைத் தொடுவார்கள். யாராவது ஆணி அடித்துப் பைப்பைத் துளைத்தால் கேஜ் அன்றைக்கே இறங்கிக் காட்டிவிடும். பெயின்ட் அடித்து முடித்த பிறகு கண்டுபிடித்தால் சுவரை உடைக்க வேண்டும். பூச்சு ஏற்கெனவே முடிந்திருந்தால், முனைகள் இத்தனை நாளும் மூடியிருந்தனவா என்று பாருங்கள். திறந்து கிடந்த பைப்பில் சிமென்ட் தூசியும் எறும்பும் இருக்கும். அதை நைட்ரஜனால் ஊதிச் சுத்தம் செய்யாமல் இணைக்கக் கூடாது.

பைப் தரம்: காப்பர்தானா, சுவர்த் தடிமன் 0.8 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். 1.5 டன்னுக்குப் பெரும்பாலும் கால் இஞ்ச், அரை இஞ்ச் ஜோடி வரும். உங்கள் மாடலின் மேனுவலில் எழுதியிருக்கும், அதுதான் சட்டம். விலை குறைவு என்று அலுமினிய பைப்பைக் காட்டினால் வேண்டாம் என்பேன். பித்தளை நட்டும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வரும், சுவருக்குள் புதைப்பதற்கு அது ஏற்றதில்லை.

அடுத்தது ஃப்ளேர். வீட்டு ஏசியில் கேஸ் போகும் இடம் பெரும்பாலும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃப்ளேர் என்பது பைப்பின் வாயைப் புனல் போல விரித்து, நட்டால் இறுக்கும் இணைப்பு. பைப்பை ஹேக்சா பிளேடால் அறுக்கக் கூடாது, தூள் உள்ளே போகும். கட்டரை மெதுவாகச் சுற்றி வெட்ட வேண்டும். வெட்டிய வாயில் உள்பக்கம் மெல்லிய பிசிறு நிற்கும், அதைச் சுரண்டி எடுக்கும் ரீமர் என்ற கருவியால் எடுக்க வேண்டும். எடுக்கும்போது பைப்பின் வாய் தரையைப் பார்த்திருந்தால் பிசிறு கீழே விழும், உள்ளே போகாது. ஃப்ளேர் நட்டை விரிப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். விரித்த வாய் கண்ணாடி போல வழவழப்பாக, சுற்றிலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். கீறலோ விரிசலோ தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி செய்வதுதான் வழி. நட்டை நிறைய இறுக்கினால் கசியாது என்று நினைப்பது தவறு. அதிகமாக இறுக்கினால் விரித்த காப்பர் மெலிந்துபோகும், ஒரு கோடையில் நன்றாக இருந்துவிட்டு அடுத்த கோடையில் பிளக்கும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கால் இஞ்ச் நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை இஞ்சுக்கு 50 முதல் 60 வரை என்பது பொதுவான அளவு. ஒரு ஸ்பேனரால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் இன்டோரின் பைப்பே முறுக்கிக்கொள்ளும்.

இணைத்த பிறகு நைட்ரஜன் டெஸ்ட். அவுட்டோரின் இரண்டு வால்வும் மூடியே இருக்கும். அப்போது பைப்பும் இன்டோர் காயிலும் மட்டும்தான் டெஸ்டில் வரும். நைட்ரஜன் சிலிண்டருக்குள் சுமார் 150 பார் இருக்கும், 2000 பிஎஸ்ஐக்கும் மேல். ரெகுலேட்டர் இல்லாமல் அதைப் பைப்போடு இணைத்தால் ஏசி காயில் கிழியும், ஆள் உயிர் போகும். சிலிண்டரைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பிரஷரை ஒரே மூச்சில் ஏற்றாமல் முதலில் 50, பிறகு 200 என்று நிறுத்தி நிறுத்தி, கடைசியில் மேனுவலும் மெஷின் லேபிளும் அனுமதிக்கும் அளவுக்குப் போக வேண்டும். எல்லா நட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்து, பிறகு தண்ணீரால் துடைத்துவிட வேண்டும், சில சோப்புகள் பித்தளையைக் கெடுக்கும். குறைந்தது ஒரு மணி நேரம், சுவருக்குள் பைப் என்றால் ஒரு இரவு, அப்படியே நிற்கட்டும். காலையில் கேஜ் கொஞ்சம் இறங்கியிருந்தால் உடனே பதற வேண்டாம். பகலைவிட 10 டிகிரி குளிர்ந்தால் 400 பிஎஸ்ஐயில் 13, 14 இறங்குவது இயற்கை. அதற்கு மேல் இறங்கினால் கசிவு.

இந்த இடத்தில் ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். நைட்ரஜன் கிடைக்கவில்லை, ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது, அதை வைத்து டெஸ்ட் பண்ணலாம் என்று யார் சொன்னாலும் அவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்புங்கள். பிரஷரில் இருக்கும் ஆக்சிஜன் ஆயிலைத் தொட்டால் நெருப்புப் பொறிகூடத் தேவையில்லை, வெடிக்கும். வெல்டிங் செட்டில் எப்போதும் ஆக்சிஜன் இருப்பதால் அவசரத்தில் அந்த எண்ணம் வரும். அந்த அவசரம் உங்கள் வீட்டில் வரக் கூடாது.

நைட்ரஜனை விட்ட பிறகு வேக்யூம். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிப்பது வெளிக் காற்றின் அழுத்தத்தில். அழுத்தத்தை 760 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து 30 வாக்கில் இறக்கினால், நம் அறையின் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். வேக்யூம் பம்ப் அதைத்தான் செய்கிறது, ஈரத்தைக் கொதிக்கவைத்து வெளியே இழுக்கிறது. சாதாரண கேஜின் முள் இரண்டு நிமிடத்தில் மைனஸ் 30க்கு (இது இஞ்ச் கணக்கு, மேலே சொன்ன மில்லிமீட்டர் இல்லை) வந்துவிடும், பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஈரம் அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருக்கும். அரை மணி நேரமாவது ஓட வேண்டும். வேக்யூமை நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜ் வைத்திருப்பவர் என்றால் 500 மைக்ரானுக்கு (அரை மில்லிமீட்டர் பாதரசம்) கீழே கொண்டுபோய், பம்பை மூடி, பத்து நிமிடம் அது அங்கேயே நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். நின்றால் பைப் காய்ந்திருக்கிறது. மெதுவாக ஏறி ஒரு இடத்தில் நின்றுவிட்டால் ஈரம் மிச்சம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஓட்டை. அதன் பிறகுதான் அவுட்டோர் வால்வுகளைத் திறக்க வேண்டும். அப்போது கையுறை போட்டிருக்கட்டும், திரவமாகத் தெறிக்கும் ஆர்-32 மைனஸ் 50 டிகிரிக்குக் கீழே போகும், தோலை உறையவைக்கும்.

மற்றவை சுருக்கமாக. இன்சுலேஷன் குழாய் இரண்டு பைப்புக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். பெரும்பாலான ஸ்பிளிட் ஏசிகளில் சின்ன பைப்பும் குளிரும், மூடாவிட்டால் சுவருக்குள் வியர்த்து பெயின்ட் உப்பும். சுவர்த் துளை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கட்டும், மழைத் தண்ணீர் உள்ளே வராது. மொட்டை மாடியின் விளிம்பில் அவுட்டோர் வைப்பதாக இருந்தால், வேலை செய்யும் தம்பி பெல்ட் கட்டியிருக்கிறாரா என்று நீங்களே பாருங்கள். பெல்ட் இல்லையென்றால் வேலையை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு வீட்டு ஏசிக்காக யாரும் விழக் கூடாது.

கடைசியாக உங்கள் 8 மீட்டர். கம்பெனி நிரப்பி அனுப்பும் கேஸ் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குத்தான் போதும், அது எவ்வளவு, அதற்கு மேல் மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது மேனுவலில் இருக்கும். கூடுதல் கேஸ் தேவைப்பட்டால் எடை மெஷினில் சிலிண்டரை வைத்து, கிராம் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள், கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக வேண்டாம். ஏற்றிய அளவு, தேதி, பைப் நீளம் மூன்றையும் அவுட்டோர் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்த மூடியைக் கழற்றும் மெக்கானிக்குக் கேஸ் எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருக்கும்.