"பார்க்கலாம்" என்பவருக்காக எத்தனை நாள்?

கேள்வி: நான்கு வருடமாக ஒருவரைக் காதலிக்கிறேன். பாசமானவர். ஆனால் ஓர் ஊரில், ஒரு வேலையில் நிலைக்க மாட்டார். கல்யாணப் பேச்சை எடுத்தால் "பார்க்கலாம்" என்பார். அப்புறம் இரண்டு மாதம் போனே வராது. திடீரென்று ஒரு ராத்திரி பக்கம் பக்கமாக மெசேஜ் அனுப்புவார், எனக்கு எல்லாம் மறந்துவிடும். அவர் வரும்போது இங்கே இருக்க வேண்டுமே என்று பெங்களூரில் கிடைத்த வேலையைக்கூட வேண்டாம் என்றுவிட்டேன். அவர் மாறுவாரா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அவருக்கு உங்கள்மேல் பிரியம் இருக்கிறது என்பதை நம்புகிறேன். அதனால்தான் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

எழுத்தாளர் காஃப்கா 1912 ஆகஸ்டில், பிராக் நகரில் நண்பர் வீட்டில் ஃபெலிஸ் பாயரைச் சந்தித்தார். ஃபெலிஸ் பெர்லினில் பொறுப்பான வேலையில் இருந்தவர். அடுத்த ஐந்து வருடத்தில் காஃப்கா அவருக்கு எழுதியவை ஐந்நூறுக்கும் மேல்; சில நாள் இரண்டு, மூன்று கடிதம். பதில் தாமதமானால் துடித்துப்போவார். ரயிலேறி நேரில் போகத்தான் தயக்கம். 1913ல் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டு எழுதிய கடிதத்திலேயே, தன்னை ஏன் கட்டிக்கொள்ளக் கூடாது என்றும் அடுக்கினார். 1914ல் நிச்சயம் நடந்து ஆறே வாரத்தில் முறிந்தது. 1917ல் மறுபடி நிச்சயம், அதே டிசம்பரில் மறுபடி முறிவு. இடையில் காஃப்காவுக்குக் காசநோய் வந்திருந்தது. ஆனால் தயக்கம் அதற்கு வெகுமுன்பே இருந்தது.

அந்தக் கடிதங்களில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களவரும் அந்த ராத்திரியில் மனதாரத்தான் எழுதுகிறார். அதைப் படித்துவிட்டு நீங்கள் கல்யாணத்துக்கு நாள் எண்ணுகிறீர்களே, அங்கேதான் ஏமாறுகிறீர்கள்.

ஃபெலிஸ் 1919ல் வேறொருவரை மணந்தார், இரண்டு குழந்தைகள். ஜெர்மனியை விட்டுச் சுவிட்சர்லாந்து, அங்கிருந்து அமெரிக்கா என்று போனபோதும் அந்தக் கடிதங்களைக் கூடவே கொண்டுபோனார். 1955ல்தான் விற்றார். நீங்களும் உங்களவரை வெறுக்கத் தேவையில்லை.

மாறுவாரா என்று எனக்குத் தெரியாது. நான்கு வருடமாக அவர் சொல்லும் "பார்க்கலாம்"தான் அவருடைய பதில். இன்னும் ஒரே ஒரு தடவை, நேரில் உட்கார்ந்து, தை மாதத்துக்குள் வீட்டுக்கு வந்து பேசுவீர்களா என்று கேளுங்கள். மறுபடி "பார்க்கலாம்" என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வரும் மெசேஜுக்குப் பதில் எழுதாதீர்கள். முதல் சில வாரம் தாங்க முடியாது. அக்காவோ தோழியோ யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்தது பெங்களூர் வேலையைப் படித்தபோதுதான். அவர் உங்களுக்காக ஓர் ஊரில் ஒரு மாதம் தங்கியதாக ஒரு வரிகூட இல்லை. நீங்கள் அவருக்காக ஒரு வேலையையே விட்டிருக்கிறீர்கள். அவரிடம் பேசப்போகும் முன் அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு, இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். நிரம்பிவிட்டது என்றால், சரி, இந்த வாரமே வேறு நாலு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்புங்கள்.